ஐந்தாம் அத்தியாயம்: தோல் பார்க்கும் கண்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள தோல் பதனிடும் சாலைகளுக்குள் சென்று, முடிந்த தோலைத் தரம் பிரிக்கும் மேசை எந்த இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தவர்களுக்கு, இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி முன்னமே தெரிந்திருக்கும். அந்த மேசை பெரும்பாலும் ஜன்னலை ஒட்டியே இருக்கும். ஆனால் வெயில் நேராக விழும் ஜன்னலாக அது இராது. தரம் பிரிப்பவர் தோலை ஒரு கையால் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் சரிவாக வழிந்து ஓடும்படி சற்றே சாய்த்து, மறு கையால் நீவிப் பார்க்கிறார்; உண்ணி கடித்த தடமும், முள் கீறிய வடுவும், மயிர்க்கால்களின் வரிசையும் அப்போதுதான் எழுந்து நிற்கின்றன. அதே தோலை நேர் வெளிச்சத்தில் விரித்து வைத்தால் குறைகள் அத்தனையும் மறைந்து, எல்லாத் தோலும் முதல் தரத் தோலாகவே தோற்றமளிக்கும். ஒளி எந்தத் திசையிலிருந்து, எந்தச் சரிவில், எவ்வளவு மென்மையாக வருகிறது என்று பார்ப்பதே புகைப்படக் கலையின் முதற்பாடம் ஆகையால், பரம்பரையாகத் தோல் பார்த்துப் பழகிய இப்பிரதேசத்து மக்கள் காமிராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதிப் புகைப்படக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதிக்காகத்தான் இந்த அத்தியாயம்.

ஜன்னலைப் பற்றிப் பேசும்போதே ஒரு சிறு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டுப் புகைப்பட நூல்கள் வடக்கு ஜன்னலை வெகுவாகப் புகழும். அங்கே ஆண்டு முழுவதும் நண்பகற் சூரியன் தெற்கு வானிலேயே நிற்பதால், வடக்கு ஜன்னலில் வருவது வானத்தின் மென்மையான ஒளி மட்டுமே. வேலூரோ ஏறத்தாழ 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில்தான் திரும்புகிறது. ஆகவே சித்திரையின் இரண்டாம் வாரம் தொடங்கி ஆவணி பிறக்கும் வரையில் நம் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் நமக்கு வடக்கு ஜன்னல். புத்தகத்தை நம்பி ஜன்னலைத் தேர்ந்தெடுத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

சட்டைப் பையில் அடங்கும் கருவிகள் இரண்டைப் பற்றியே இங்கே பேசப்போகிறோம். ஒன்று, இன்று எல்லோர் கையிலும் இருக்கும் கைபேசி. மற்றொன்று, அலமாரியின் மேல்தட்டில் பழைய கல்யாண ஆல்பத்தோடு தூசி படிந்து கிடந்து, இப்போது பேரப்பிள்ளைகளால் மறுபடியும் கீழே இறக்கப்பட்டிருக்கும் சிறிய பிலிம் காமிரா. கைபேசியில் ஒளியை வாங்கும் சில்லு நம் கட்டை விரல் நகத்திலும் சிறியது. அந்தச் சிறுமையை ஈடுகட்டுவதற்காக, நாம் ஒருமுறை தொடும் நேரத்தில் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இருண்ட இடத்தைத் தூக்கி, வெளுத்த இடத்தைத் தணித்து, தன் மனத்துக்கு நல்லது என்று பட்ட ஒன்றை நம்மிடம் நீட்டுகிறது. பிலிம் காமிராவோ அப்படி எதையும் தானாக நினைப்பதில்லை. 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சிறு கட்டத்தில் விழுந்த ஒளியை விழுந்தபடியே ஏற்றுக்கொண்டு, நாம் செய்த பிழையையும் சேர்த்துப் பத்திரப்படுத்தி வைக்கிறது.

அந்தப் பிலிம் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வதில் நம்மவர்களுக்குத் தனிப்பட்ட சுவாரசியம் இருக்கும். பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசப்பட்டிருக்கும் பூச்சில், ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்னும் பசை. ஜெலட்டின் எடுக்கப்படுவதோ மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும். 1920-களில் கோடாக் ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்த ஷெப்பர்டு என்னும் ரசாயன அறிஞர், ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளியை விரைவாகப் பற்றுவதும் வேறொரு தொகுதியில் செய்தது மந்தமாக இருப்பதும் ஏன் என்று ஆராய்ந்தபோது, மாடுகள் மேய்ந்த கடுகு இனச் செடிகளிலிருந்து வந்த கந்தகச் சேர்மங்களே அதற்குக் காரணம் என்று கண்டார். இன்னொரு உறவும் உண்டு. ஈரத்தில் ஊதிக் குழைந்துபோகும் ஜெலட்டினைக் கெட்டிப்படுத்த, பழைய இருட்டறைகளில் குரோம் படிகாரம் கலந்த நீரில் பிலிமை நனைப்பார்கள். பச்சைத் தோலை அழுகாத தோலாக்க நம் டேனரிகளின் டிரம்களில் இடுவதும் குரோமிய உப்பையே. தோலின் புரதத்தையும் பிலிமின் புரதத்தையும் கட்டிப் பிடிப்பது ஒரே உலோகம். ஆகவே பிலிம் கழுவுபவரை டேனரிக்காரரின் தாயாதி என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு ஆகாது.

இனி, எந்தக் காமிரா என்னும் கேள்வி. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களின் கையில் இருந்தவை என்று பார்த்தால், பெரிய பிலிமில் பன்னிரண்டு படம் எடுக்கும் ஆக்ஃபா கிளிக் 3, அதன்பின் வந்த ஹாட் ஷாட், யாஷிகா எம்.எஃப்.-2, கோடாக் கே.பி.10 ஆகியவற்றையே முதலில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு நாம் வெளிநாட்டை மட்டுமே நம்பி இருக்கவில்லை. 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலத்திலிருந்து ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஆலை இன்று இல்லை. பிலிமை இப்போது கடல் கடந்தே வரவழைக்க வேண்டியிருக்கிறது. விலையையும் கழுவும் கூலியையும் கூட்டி 36-ஆல் வகுத்தால், ஒவ்வொரு அமுக்குக்கும் இரண்டு பேர் தேநீர் குடிக்கும் காசு போகிறது. செலவைக் குறைக்க விரும்புவோருக்கு அரைக்கட்டக் காமிரா ஓர் உபாயம். 1959-இல் ஜப்பானில் மைதானி என்பவர் வடிவமைத்த ஒலிம்பஸ் பென் இந்த வகையில் பெயர் பெற்றது. 36 படச் சுருளில் 72 படம் கிடைக்கும். 2022-இல் வந்த கோடாக் எக்டார் எச்.35-உம், 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17-உம் இதே வகை. தபால் அட்டை அளவுக்குப் பிரதி போடுவதற்கு அரைக்கட்டம் தாராளமாகப் போதும். பெரிதாக்கிச் சுவரில் மாட்ட நினைப்பவர்கள் முழுக்கட்டத்தையே நாடுவது நல்லது.

பழைய காமிராவை விலைக்கு வாங்குமுன் பின்மூடியைத் திறந்து, விளிம்பில் உள்ள கறுப்பு நுரைப்பட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். அது பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் ஒளி உள்ளே கசியும். பட்டையை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. பாட்டரி அறையில் பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருந்தால் யோசிக்க வேண்டும். லென்ஸின் வழியே கைபேசி விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலைபோல் படர்ந்த பூஞ்சை தெரியும், தெரிந்தால் வாங்காதீர்கள். பிளாஷ் பழுதானாலும் காமிராவை நீங்களே பிரிக்காதீர்கள். பாட்டரியை எடுத்துவிட்ட பிறகும் அதனுள் இருக்கும் மின்தேக்கி பலத்த அதிர்ச்சி கொடுக்க வல்லது.

தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். காமிராவைத் தோல் உறைக்குள் நிரந்தரமாகப் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் அந்த உறை பூஞ்சைக்கு நல்ல விளைநிலமாகிவிடும். வெளியே எடுத்துச் செல்லும்போது உறையைப் போட்டுக்கொள்ளுங்கள், அதன் அழகையும் அனுபவியுங்கள். வீட்டுக்கு வந்ததும் காமிராவை வெளியே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்தப் பொட்டலத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை; ஒவ்வொரு ஷூ பெட்டியிலும் ஒன்று கிடக்கிறது.

சுருளை மாட்டுவதைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கலவை என்னும் ஊரில் நடந்த உறவினர் கல்யாணம் ஒன்றில், ஊஞ்சல் முதல் நலங்கு வரை ஒன்று விடாமல் எடுத்து முடித்து, முப்பத்தாறு ஆன பின்னும் எண் நிற்காமல் முப்பத்தொன்பது, நாற்பது என்று ஓடிக்கொண்டே இருந்ததைக் கண்டு, சுருள் தாராளமாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்று மகிழ்ந்து, ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிலிமின் நாக்கு எதிர்ப்புறச் சக்கரத்தின் பல்லில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூடப் பதியவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு இன்று பேத்தி இருக்கிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சுருளைப் பற்றி விசாரிக்கத் தவறுவதில்லை. கையால் சுற்றும் காமிராவில் மூடியை மூடிய பிறகு, பின்சுற்றும் குமிழை அம்புக்குறித் திசையில் மெதுவாகத் திருகிச் சுருளின் தளர்ச்சியை நீக்குங்கள். அடுத்து ஒவ்வொரு படத்துக்கும் நெம்புகோலைத் தள்ளும்போது அந்தக் குமிழும் தானாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் உள்ளே பிலிம் நகரவில்லை என்று அர்த்தம். இதைவிட அவசியமான பாடம் பிலிம் காமிராவில் வேறில்லை.

சுருளின் வேகத்தை எண்ணால் குறிப்பார்கள். கலவை ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் காலை, மாலை எடுப்பதற்கு 100 அல்லது 200 போதும். உள்ளும் புறமும் கலந்து எடுப்பவர்கள் 400 வாங்கலாம். வெளிச்சத்தை அளக்கும் வசதி இல்லாத காமிராவில், தெளிந்த வெயிலில் துவாரத்தை 16-இல் வைத்து, சுருளின் எண்ணையே ஷட்டரின் வேகமாகக் கொள்ளும் பழைய விதி ஒன்று உண்டு: 200 சுருளுக்கு ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கு அருகில் காமிராவில் உள்ள எண். மேகம் மூடினால் துவாரத்தை ஒரு படி, இரண்டு படி என்று அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும்.

இவ்விடத்தில்தான் இரண்டு கருவிகளும் நேர் எதிரான சுபாவம் காட்டுகின்றன; இதைப் புரிந்துகொள்ளாமல் கைபேசிப் பழக்கத்தோடு பிலிமுக்கும், பிலிம் பழக்கத்தோடு கைபேசிக்கும் மாறுகிறவர்கள் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள். வண்ண நெகடிவ் பிலிம் அதிக ஒளியைப் பொறுக்கும். இரண்டு படி கூடுதலாக விழுந்தாலும் படம் தேறிவிடும். ஆனால் குறைவாக விழுந்தால் நிழல் பகுதி சேறுபோல் கலங்கி, அங்கே இருந்தது எதுவென்றே தெரியாமல் போகும். ஆகவே பிலிமில் சந்தேகம் வந்தால் ஒளியைக் கூட்டுங்கள். கைபேசியின் சில்லு இதற்கு மாறானது. நிழலிலிருந்து எவ்வளவோ மீட்டுக் கொடுக்கும், ஆனால் ஒருமுறை வெளுத்துப்போன வெள்ளை வேட்டியின் மடிப்பையோ மேகத்தின் விளிம்பையோ அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே கைபேசியில் சந்தேகம் வந்தால் ஒளியைக் குறையுங்கள். திரையில் முக்கியமான இடத்தை விரலால் தொட்டுச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்தால் படம் இருளும். இந்த ஓர் அசைவைக் கற்றுக்கொண்டவர்கள் கைபேசிப் படக்காரர்களில் மிகக் குறைவு.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். கைபேசியின் லென்ஸைத் துடையுங்கள். பிரியாணி சாப்பிட்ட கை பட்ட லென்ஸில் தெருவிளக்குகள் எல்லாம் கார்த்திகை தீபம்போல் கதிர் விரித்து நிற்பதை, கலையழகு என்று எண்ணிப் பாராட்டுகிறவர்களை ஆம்பூரில் நானே பார்த்திருக்கிறேன். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று சட்டைப் பையில் இருந்தால் போதும். டேனரிக்குள் போய்வருகிறவர்கள் மட்டும் துடைப்பதற்கு முன் ஊதிவிட வேண்டும். பச்சைத் தோலுக்கு இட்ட உப்பின் துகளும், தோலைத் தேய்க்கும் எந்திரத்தின் தூசியும் கண்ணாடியின் மேல் இருக்கும்போது துடைத்தால் கீறல் விழும். உப்பு, உலோகப் பாகங்களையும் அரிக்கும்.

நம் பிரதேசத்தில் கைபேசிப் படத்தால் நேராகப் பிழைப்பு நடத்துகிறவர்கள் பலர். தோலின் ஷேடு, ஷூவின் மாதிரி, தைத்த பையின் கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து, சென்னைக்கும் அங்கிருந்து கடல் கடந்தும் அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் படத்தைப் பார்த்தே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்கிறார். அப்படி ஒரு சாயக்காரப் பெரியவரிடம், அவர் முடித்த தோலை நான் எடுத்த படத்தைப் பெருமையோடு காட்டியபோது, அவர் திரையைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, பிறகு, “இது நம்ம தோல் இல்ல தம்பி, நான் போட்டது காப்பிக்கொட்டை, நீங்க காட்டறது வெல்லக்கட்டி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிழை அவருடையதன்று, கைபேசியினுடையது. வெள்ளை எது என்பதைத் தானாக ஊகித்துக்கொண்டு, அதை ஆதாரமாக வைத்து மற்ற நிறங்களை அமைக்கும் இயல்பு கைபேசிக்கு உண்டு. கட்டம் முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தால், அந்தப் பழுப்பை விளக்கின் மஞ்சள் என்றோ மாலை வெயில் என்றோ தவறாக எண்ணித் திருத்தத் தொடங்கிவிடும். டிரம்மிலிருந்து வெளிவரும் வெட் புளூ தோலில் இது இன்னும் மோசம். அந்த வெளிர் நீலத்தைக் குறையாகக் கருதி, அதைப் போக்குவதற்காகப் படம் முழுவதற்கும் மஞ்சள் பூசிவிடும்.

பரிகாரம் எளிது. தோலை நிழலில், திறந்த வானத்தின் ஒளியில் வையுங்கள். குழல்விளக்கும் பகல் ஒளியும் ஒன்றாகக் கலக்கும் இடம் கூடவே கூடாது. தோலின் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் கட்டத்துக்குள் வரும்படி வைத்தால், கைபேசிக்கு ஒரு நிலைத்த சாட்சி கிடைக்கிறது. வாங்குகிறவருக்கும் படத்தின் நிறம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதைக் கணிக்க அந்தக் காகிதம் உதவும். கைபேசியில் தொழில்முறைப் பகுதி இருந்தால் வெள்ளைச் சமநிலையைப் பகல் ஒளியில் நிறுத்தி, தானியங்கியை அணைத்துவிடலாம். விளக்கடியில்தான் எடுக்க வேண்டும் என்றால், நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது, அதனால் பல விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை துடிக்கின்றன என்பதை நினைவில் கொண்டு, ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கிலோ நூறில் ஒரு பங்கிலோ வையுங்கள்; படத்தில் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டைகள் மறைந்துவிடும். சாதாரண வண்ணப் பிலிமில் குழல்விளக்கு பச்சையாகப் பதியும் என்பதையும் மறவாதீர்கள்.

தோலின் மேனியைக் காட்ட விரும்பினால், தரம் பிரிப்பவர் செய்வதுபோல் ஒளியைச் சரிவாக விடுங்கள். கண்ணாடிபோல் மின்னும் பேட்டன்ட் தோலுக்கு மட்டும் அந்த முறை உதவாது. அதில் காமிராவுக்குத் தெரிவது தோல் அன்று, தோலில் விழுந்த பிரதிபிம்பம். ஆகவே ஜன்னலுக்கும் தோலுக்கும் இடையில் வெள்ளை மல்துணியைக் கட்டி, அந்தத் துணியின் வெண்மை ஒரே சீராகத் தோலில் பிரதிபலிக்கும்படி செய்யுங்கள். பிளாஷ் போடுவது பெரும் பாவம்.

ஷூவை எடுக்கும்போது பலர் செய்யும் தவறு, கைபேசியை அதன் மூக்குக்கு அருகே கொண்டுபோய் அமுக்குவது. கைபேசியின் பிரதான லென்ஸ் அகன்ற பார்வை உடையது. கிட்டப் போனால் அருகில் இருப்பது பூதாகாரமாகவும் தொலைவில் இருப்பது சுருங்கியும் தோன்றும். முன்னங்கால் பெருத்து, குதிகால் காணாமல்போன ஷூவை எவர் வாங்குவார்? நான்கைந்து அடி பின்வாங்கி, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் வைத்து, ஷூவின் உயரத்துக்கே குனிந்து எடுங்கள். மனித முகத்துக்கும் இதே நியாயம்தான். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல், ஆவணமாக இணைத்து அனுப்பினால் நுணுக்கம் கசங்காமல் போய்ச் சேரும்.

பழுப்பு நிறத்தைப் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் வண்ணப் பிலிமின் நிறச் சமநிலையை நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்தே அமைத்தார்கள். கறுத்த முகங்கள் அந்தப் பிலிமில் விவரம் இழந்து தோன்றின. கோடாக்கில் வேலை செய்தவர்கள் பின்னாளில் சொன்னபடி, பழுப்பு நிறங்களைச் செப்பனிட அந்நிறுவனத்தை முதலில் தூண்டியது கறுத்த முகத்தவர்களின் குறை அன்று. தங்கள் சாக்லேட்டின் நிறமும் மர நாற்காலியின் நிறமும் விளம்பரப் படங்களில் சரியாக வரவில்லை என்று வியாபாரிகள் எழுப்பிய முறையீடு. இன்றைய கைபேசிகள் பலவற்றில் முகத்தை வெளுக்க வைக்கும் அழகுப் பகுதி ஒன்று, கேளாமலே திறந்து கிடக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். வெயிலில் உழைத்த முகத்தின் செம்பழுப்பை மாவு பூசியதுபோல் மாற்றிக் கொடுக்கும் அந்த உபசாரம் யாருக்கும் வேண்டியதில்லை.

எங்கே போய் எடுப்பது? மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. 1981-இல் ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் மறுபடியும் லிங்கப் பிரதிஷ்டை ஆனதிலிருந்து நான்காவது குறை நீங்கிவிட்டது. மற்ற மூன்றும் ஊருக்குக் குறையாக இருந்தாலும் புகைப்படக்காரனுக்குச் செல்வம். மரமற்ற பாறை மலைகளில் காலை வெயில் ஏறும்போது ஒவ்வொரு பிளவும் தனித்தனியே தெரியும். பாலாற்று மணலில் மாலை நிழல் நீளும் அழகு, ஆறு நிறைய நீர் ஓடினால் கிடைக்காது. 1806 ஜூலை 10-ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கோட்டையின் கருங்கல் மதிலை, அகழி நீரில் விழும் அதன் பிரதிபிம்பத்தோடு சேர்த்து எடுக்கக் காற்றில்லாத அதிகாலையே ஏற்றது. ஆலயத்தின் கல்யாண மண்டபத்தில் தூண்களின் யாளிகளையும் குதிரை வீரர்களையும் எடுக்க வேண்டுமானால், பக்கவாட்டில் ஒளி நுழையும் வேளைக்காகக் காத்திருங்கள். கர்ப்பக்கிருகத்தின் பக்கம் காமிராவைத் திருப்பாதீர்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கைபேசியோ காமிராவோ கொண்டுபோக அனுமதி இல்லை. அங்கே கண்ணால் பார்த்துவிட்டு வருவதே சரி.

கிழக்கே வந்தால், 1751-இல் கிளைவ் முற்றுகையைத் தாங்கி நின்ற ஆற்காட்டில் டில்லி கேட் ஒன்றே அவ்வூர்க் கோட்டையின் சாட்சியாக எஞ்சி நிற்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே கலவை. 1907 பிப்ரவரி 13-ஆம் நாள், பன்னிரண்டு வயதுப் பாலகர் ஒருவர் சந்நியாசம் ஏற்று, காஞ்சி காமகோடி பீடத்தின் 68-ஆம் ஆசாரியராக ஆன ஊர் அது. அவருக்கு முந்திய இரு ஆசாரியர்களின் அதிஷ்டானங்களும் அங்கேயே இருக்கின்றன. கலவைக்குப் போகிறவர்கள் அதிஷ்டானத்தைத் தரிசித்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடுகிறார்கள். என் யோசனை, விடியுமுன் ஏரிக்கரையில் நிற்க வேண்டும் என்பது. தண்ணீர் இருக்கும் மாதமானால் பறவைகளும், இல்லாத மாதமானால் ஆடு மேய்ப்பவர்களும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். காலை எட்டு மணிக்கு மேல் கோடைக்கால வெயில் தலைக்கு ஏறத் தொடங்கிவிடும். அதன்பின் கண்குழிகளில் கறுப்பு நிழல் விழுந்து, எல்லா முகமும் மூன்று நாள் தூங்காத முகமாகிவிடும். பதினொன்று முதல் மூன்று வரை திண்ணையிலும் தாழ்வாரத்திலும் எடுங்கள்.

டேனரிகளுக்குள் படமெடுக்க முதலாளியின் அனுமதியும், தொழிலாளியின் சம்மதமும் தனித்தனியே வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஈரத்தரையையும் சாயக் கழிவையும் வெறுங்கால்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவை பொய்யல்ல, ஆனால் ஒரு தோலைத் தடவிய மாத்திரத்தில் அது எத்தனையாவது தரம் என்று சொல்லிவிடும் விரல்களை அவர்கள் எடுத்து நான் பார்த்ததில்லை. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்று, 1940-இல் மகாத்மா காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்ட ஏ.கே. செட்டியார் நம்மவர். ஒரு விஷயத்தைத் தேடிக் கண்டங்களைக் கடந்து அலையும் அவருடைய பொறுமையில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால், ஒரு தொழிற்சாலையில் ஒரு நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் காமிராவை எடுக்கத் தோன்றும்.

வேலூர்க் கோடையில் பிலிமைக் கார் பெட்டியிலோ வண்டி டிக்கியிலோ விட்டுவைக்காதீர்கள். வெப்பம் நிறங்களைக் கெடுக்கும். பயன்படுத்தாத சுருளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு மணி நேரம் பொறுத்து டப்பாவைத் திறவுங்கள்; உடனே திறந்தால் பிலிமின் மேல் நீர்த்துளி கோக்கும். தோல் கண்காட்சிகளுக்காக அயல்நாடு செல்பவர்கள் பிலிமைச் சரக்கில் போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. விமான நிலையங்களில் புதிதாக வந்திருக்கும் சி.டி. சோதனை எந்திரங்கள் கைப்பையில் உள்ள பிலிமையும் கெடுக்க வல்லவையாகையால், கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. ஒரு மாதம் கைபேசியைப் பிலிம் காமிராபோல் பாவியுங்கள்: முப்பத்தாறு படம் மட்டும், எதையும் அழிப்பதில்லை, எடுத்தவுடன் பார்ப்பதில்லை, ஒவ்வொரு படத்துக்கும் நேரமும் ஒளி வந்த திசையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில். அடுத்த மாதம் அதே இடங்களில், அதே நேரங்களில், உண்மையான சுருளில் முப்பத்தாறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, தோல் தரம் பிரிப்பதுபோல் முதல், இரண்டாம், கழிவு என்று மூன்றாகப் பிரியுங்கள். கழிவில் விழுந்தவற்றுக்கு நோட்டுப் புத்தகம் காரணம் சொல்லும். முடிந்த சுருளை நாள் கடத்தாமல் கழுவக் கொடுங்கள். வண்ணப் பிலிமைக் கழுவும் ரசாயன நீர் ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தில் ஒரே நிலையாக இருக்க வேண்டும் என்பதால், நாள்தோறும் அந்த வேலை நடக்கும் இடத்துக்கே அனுப்புங்கள். பக்கத்தில் இல்லாவிட்டால் சென்னைக்குக் கூரியர் செய்யலாம். இப்போதெல்லாம் படங்களைக் கணினி வழியே அனுப்பிவிட்டு, நெகடிவைக் கேட்காவிட்டால் சில நாளில் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நெகடிவைக் கேட்டு வாங்கி வாருங்கள்.